சாமிதுரை அண்ணன் கேட்ட சத்தம்

பெரம்பலூர் நாலு ரோட்டுக்குப் பக்கத்தில் ஒரு டயர் கடையில் வண்டியை விட்டுவிட்டு, பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன். காலை பத்து மணி இருக்கும். எங்கள் டிரைவர்கள் குரூப்பில் வரிசையாகக் கைகூப்பும் படங்கள் வந்து விழுந்தன. எவனோ பிறந்த நாள் கொண்டாடுகிறான், எவனோ நன்றி சொல்கிறான் என்று நினைத்து போனை மடியிலேயே வைத்திருந்தேன். சத்தம் நிற்காமல் போகவே எடுத்து மேலே தள்ளிப் பார்த்தால் சாமிதுரை அண்ணன் படம். காக்கிச் சட்டைப் பையில் டெஸ்டர் குத்தியிருந்தது. கீழே, விக்கிரமங்கலத்தில் மாலை நாலு மணிக்கு எடுக்கிறார்கள் என்று எழுதியிருந்தது. காலையில் எழுந்து முகம் கழுவியவர் வாசற்படியில் உட்கார்ந்திருக்கிறார். மகள் காபியோடு வந்தபோது சுவரில் சாய்ந்தபடி இருந்தாராம். அறுபத்து நாலு வயது.

வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று டயர்காரரிடம் சொல்லிவிட்டு அரியலூர் பஸ்ஸில் ஏறினேன். வழியெல்லாம் அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. வேறு யார் மேலும் இல்லை, என் மேல்தான். அவருக்கும் எனக்கும் நடுவில் ஓர் எஞ்சின் இருந்தது. பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் சுரங்க மேட்டில் வெந்துபோன எஞ்சின். அதனால் என் பெயர் கெட்டது. கெட்ட பெயரை மீட்டுக் கொடுத்தவரும் அவர்தான். அவரோடு வேலை பார்த்த உங்களில் பாதிப் பேருக்கு இது தெரியும். தெரியாத ஒரு பகுதி அவர் சாகும்வரை என்னிடம் மட்டும் இருந்தது. அவர் உயிரோடு இருக்கும்போதே அதைச் சொல்லியிருக்க வேண்டும். இதை முடிப்பதற்குள் சொல்லிவிடுகிறேன்.

அவரை அறியாதவர்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் கொஞ்சம் விவரம். அரியலூர்ப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் சுரங்கம் ஒன்றிலிருந்து தொழிற்சாலைக்குக் கல் ஏற்றும் லாரிகள் இருபது, எங்கள் முதலாளியிடம் இருந்தன. அந்த இருபதுக்கும் சாமிதுரை அண்ணன்தான் மெக்கானிக். சுரங்கத்துக்குள் இறங்கும் சரிவுப் பாதையை நாங்கள் ராம்ப் என்போம். அதன் மேல் முனையில் தகரம் போட்ட ஷெட், அதுதான் அவர் இடம். அதற்குமுன் பத்து வருடம் நான் பெரம்பலூர்ப் பக்கம் ஒரு கல் குவாரியில் வண்டி ஓட்டியவன். அந்தக் குவாரி ஒரு கரட்டின் மேல் இருந்தது. காலி வண்டி மேலே ஏறும், கல்லோடு கீழே இறங்கும். அரியலூரில் எல்லாமே தலைகீழ். தரை தட்டையாகக் கிடக்கும், மலையைத் தரைக்குள் தோண்டி வைத்திருப்பார்கள். காலி வண்டி இறங்கும், லோடு வண்டி ஏறும்.

முதல் நாள் என் லைசென்ஸை வாங்கிப் பார்த்துவிட்டு, எங்கே ஓட்டினாய் என்று கேட்டார். சொன்னேன்.

"பெரம்பலூரா? அப்ப பிரேக் தெரிஞ்சிருக்கும். எஞ்சின் தெரியாது" என்றார்.

எனக்குச் சுருக்கென்று வந்தது. பத்து வருடம் ஸ்டியரிங் பிடித்தவனைப் பார்த்து எஞ்சின் தெரியாது என்றால் எவனுக்குத்தான் பொறுக்கும்? போதாக்குறைக்கு என்னைப் 'பெரம்பலூரு' என்றே கூப்பிட ஆரம்பித்தார். நான் தா.பழூரில் பிறந்து வளர்ந்தவன், என் பெயர் கலியபெருமாள் என்று எத்தனை முறை சொன்னாலும் மனுஷன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவர் சொன்னதில் இருந்த நியாயம் பிறகுதான் புரிந்தது. லோடோடு இறங்கும் வண்டியில் போவது பிரேக், லோடோடு ஏறும் வண்டியில் போவது எஞ்சினும் கிளட்ச்சும். கரட்டுக் குவாரி மெக்கானிக் பிரேக் லைனிங்காக மாற்றிக்கொண்டிருப்பான், இவர் கிளட்ச் பிளேட்டாக மாற்றிக்கொண்டிருந்தார்.

சுரங்க மேடு பார்க்கப் பெரிதாகத் தெரியாது. பதினாறு அடி ஓடினால் ஓர் அடி உயரும், அவ்வளவுதான். ஆனால் முழு லோடோடு ஏறும்போது அந்த ஓர் அடி எஞ்சினின் நெஞ்சில் ஏறி உட்காரும். வண்டி நடக்கிற வேகத்தில் போவதால் முன்னாலிருந்து காற்று அடிக்காது. ரேடியேட்டரைக் குளிர வைக்க எஞ்சின் சுற்றுகிற ஃபேன் ஒன்றுதான் கதி. பெரிய கியரில் இழுத்தால் எஞ்சின் மெதுவாகச் சுற்றும், ஃபேனும் மெதுவாகச் சுற்றும், தண்ணீர் பம்பும் மெதுவாகத் தள்ளும். சூடு மட்டும் ஏறிக்கொண்டே போகும். அதனால் ராம்ப் அடியிலேயே இரண்டாவது கியரில் விழுந்து, அதிலேயே மேலே வர வேண்டும் என்பது அவர் சட்டம். "கியரைக் கீழேயே போட்டுக்க. நடு மேட்டுல தேடாத" என்பார். தினமும் சொல்வார். கேட்டுக் கேட்டு எங்களுக்குப் புளித்துப்போனது.

மேலே வந்ததும் எஞ்சினை உடனே நிறுத்தவும் விடமாட்டார். டீயைக் கையில் கொடுத்து, நீ இதைக் குடித்து முடி, அதுவும் மூச்சு வாங்கி முடிக்கட்டும் என்பார். எங்களில் ஒருவன் அவரைச் சீண்டுவதற்கென்றே சாவியைத் திருப்பி அணைப்பான். சாமிதுரை அண்ணன் பேசாமல் போய் அவன் டீயைப் பிடுங்கித் தரையில் ஊற்றிவிட்டு வந்து உட்காருவார். ஒரு வாரம் டீ இல்லாமல் போனதும் அவன் வழிக்கு வந்தான்.

அவருடைய பெரிய சொத்து காதுதான். ஷெட்டுக்குள் ஏதாவது வண்டிக்கு அடியில் படுத்திருப்பார். ராம்பில் வண்டி ஏறுகிற சத்தத்தை வைத்தே எந்த வண்டி, என்ன கியர், கிளட்ச்சில் காலை வைத்திருக்கிறானா எடுத்துவிட்டானா என்று சொல்லுவார். படுத்தபடியே, "சேகரு, காலை எடுடா" என்று கத்துவார். பூலாம்பாடி சேகர் மேட்டில் பாதி தூரத்தில் இருப்பான், அவனுக்கு எங்கே கேட்கப் போகிறது. மேலே வந்ததும் நாங்கள் கேட்போம். ஆமாம், பாதி கிளட்ச்சில்தான் வந்தேன் என்று தலையைச் சொறிவான். மீட்டர் முள்ளை நம்பாதவர் அவர். முள் பொய் சொல்லும், சத்தம் சொல்லாது என்பார்.

பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய அந்தச் சித்திரை வெயிலில் ஒரு நாள், கல் ஏற்றி வந்த என் வண்டி பாதி மேட்டில் நின்றது. முன்னால் குபுகுபுவென்று ஆவி. பிறகு உள்ளே இரும்பைக் கடித்த மாதிரி ஒரு சத்தம், அதோடு சரி. பின்னால் வந்த வண்டிகளெல்லாம் வரிசையாக நின்றுவிட்டன. லோடர் வந்து இழுத்து மேலே கொண்டுபோனது. அண்ணன் ஹெட்டைக் கழற்றினார். கேஸ்கட் வெந்திருந்தது, ஆயில் கலங்கி மோராகியிருந்தது, இரண்டு பிஸ்டன்கள் கோடு விழுந்து ஒட்டிப்போயிருந்தன. முதலாளி வந்தார். எல்லா டிரைவர்களும் சுற்றி நின்றோம். யார் தப்பு என்று முதலாளி கேட்டார்.

"டிரைவர் தப்புங்க. மூணுல இழுத்திருக்கான். எனக்கு இங்கயே கேட்டுச்சு" என்றார் அண்ணன்.

நான் இரண்டில்தான் வந்தேன் என்றேன். சத்தியம் பண்ணினேன். என் பிள்ளை மேல் ஆணை என்றுகூடச் சொன்னேன். அண்ணன் கையைத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தார். முதலாளி சாவியை வாங்கிக்கொண்டார்.

டிரைவருக்கு விபத்தைவிடக் கெட்ட பெயர் ஒன்று உண்டு, 'எஞ்சினை எரிச்சவன்' என்பது. விபத்தென்றால் எதிரே வந்தவன் மேல் போட்டுவிடலாம், இதை யார் மேல் போடுவது? அரியலூர் சுற்றுவட்டாரத்தில் நான் போய் நின்ற இடத்திலெல்லாம் அந்தப் பெயர் எனக்கு முன்னால் போய் உட்கார்ந்திருந்தது. பெரம்பலூரில் பழைய இடத்திலும் கையை விரித்துவிட்டார்கள். கடைசியில் தா.பழூருக்கே திரும்பி, மச்சான் புண்ணியத்தில் வயல் உழும் டிராக்டர் ஒன்றில் ஏறினேன். ஆறு மாதம் சேற்றில் சுற்றிக்கொண்டிருந்தேன். அந்த ஆறு மாதமும் சாமிதுரை அண்ணனை நான் திட்டாத நாள் இல்லை.

ஒரு நாள் மத்தியானம் வரப்பில் ஒருத்தர் காகிதப் பொட்டலத்தோடு நின்றுகொண்டிருந்தார். டிராக்டரை அணைத்துவிட்டுப் பார்த்தால் அவர். பஸ் பிடித்து வந்து, என் வீட்டை விசாரித்து, அங்கிருந்து என் மனைவி வள்ளி கூடவே வந்து வழி காட்ட வயலுக்கே வந்துவிட்டார். சேற்றோடு சேறாக நான் இறங்கிப் போனேன். வாங்க என்றுகூடச் சொல்லவில்லை. அவர் பொட்டலத்தைப் பிரித்தார். உள்ளே ரேடியேட்டரை அறுத்த ஒரு துண்டு. தண்ணீர் ஓடுகிற குழாய்களுக்குள் வெள்ளை வெளேரென்று சுண்ணாம்பு அடைத்திருந்தது, ஊசி நுழைய இடமில்லை.

விஷயம் இதுதான். பழைய குழி ஒன்றில் ஊற்று ஊறித் தேங்கிய தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிவாக நிற்கும். அதைத்தான் நாங்கள் எல்லா வண்டிக்கும் ரேடியேட்டரில் ஊற்றினோம். சுண்ணாம்புக்கல்லுக்குள் ஊறிய தண்ணீர் அது, கல்லைக் கரைத்துக்கொண்டுதான் வரும். சூடு படப்பட உள்ளே படியும். சமதரையில் ஒன்றும் தெரியாது, மேட்டில் ஏறும்போது காட்டிக்கொடுக்கும். அந்தத் தண்ணீருக்கு மோட்டார் வைத்து, டிரம் வைத்து, டியூப் இழுத்து வந்தவர் வேறு யாருமில்லை, சாமிதுரை அண்ணன்தான். நான் போன பிறகு இன்னும் இரண்டு வண்டிகள் அதே மேட்டில் கொதித்திருக்கின்றன. இரண்டும் இரண்டாவது கியரைத் தாண்டாதவர்களுடைய வண்டி. அதில் ஒன்று சேகருடையது. சந்தேகம் வந்து, ஷெட்டுக்குப் பின்னால் கிடந்த என் பழைய ரேடியேட்டரை எடுத்து அறுத்துப் பார்த்திருக்கிறார்.

"நான் சொன்னது தப்பு. சூட்டுல எஞ்சின் முக்குன சத்தத்த நான் மூணாவது கியர்னு நெனச்சுட்டேன். உன் மேல தப்பு இல்ல" என்றார்.

வள்ளி அந்தத் துண்டை வாங்கிப் பார்த்தாள். அவள் அரியலூர்க்காரி. "இது எங்க அம்மா வூட்டு வெந்நீர்ப் பானையில ஒரு வெரக்கடை கெடக்குங்க. இதக் கண்டுபிடிக்க எஞ்சினப் பிரிக்கணுமா?" என்றாள். அண்ணன் சிரித்தார். என் வீட்டுப் பானையும் அப்படித்தான் இருக்கிறது, தினமும் அதில்தான் குளிக்கிறேன், புத்தியில் உறைக்கவில்லை என்று ஒத்துக்கொண்டார். நான் சிரிக்கவில்லை.

மறுநாள் என்னைக் கூட்டிக்கொண்டு போய் முதலாளி முன்னால், எல்லா டிரைவர்களையும் நிற்கவைத்து, வயலில் சொன்னதையே சொன்னார். மோட்டார் வைத்தது நான், டிரம் வைத்தது நான், எஞ்சினை எரித்ததும் நான் என்றார். காரணம் ஒன்றும் அடுக்கவில்லை. தண்ணீர் தெளிவாக இருந்தது, யாருக்குத் தெரியும் என்று ஒரு வார்த்தை சேர்த்திருக்கலாம், சேர்க்கவில்லை. முதலாளி கத்தினார். அண்ணன் முழுவதையும் கேட்டுக்கொண்டார். இரண்டு நாளில் எனக்கு வண்டி கிடைத்தது. டிரம்மில் டவுன் குழாய்த் தண்ணீரும் கூலன்ட்டும் வந்தன.

அதோடு விட்டாரா என்றால் இல்லை. புது டிரைவர் எவன் வந்தாலும் என்னைக் காட்டி, இவன் எஞ்சினை எரிச்சான்னு வெளியில சொல்லுவானுங்க, நம்பாத, எரிச்சது நான் என்பார். வருடக்கணக்காகச் சொன்னார். கேட்கிறவர்கள் அவரை மரியாதையோடு பார்ப்பார்கள். நான் தலையைக் குனிந்துகொள்வேன். எனக்கு அடக்கம் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

இனி நான் சொல்ல வேண்டியது. அன்று நான் மூன்றாவது கியரில்தான் ஏறினேன். எஞ்சின் தெரியாது என்று அவர் முதல் நாள் சொன்னது உள்ளே கிடந்து அரித்துக்கொண்டிருந்தது. லோடோடு மூன்றில் ஏற்றி, அவர் ஷெட் வாசலில் கொண்டுபோய் நிறுத்திக் காட்ட வேண்டும் என்று வீம்பு. கால் மேட்டிலேயே வண்டி அதிர ஆரம்பித்தது. முள் சிவப்புக்குப் போனதையும் பார்த்தேன். நிறுத்தியிருக்கலாம். அவர் கண் முன்னால் நடு மேட்டில் நிற்பது அவமானம் என்று அமுக்கினேன். சுண்ணாம்பு இருந்தது உண்மை. அது இல்லாவிட்டால் தப்பித்திருப்பேனோ என்னவோ. ஆனால் பாவி நான் இரண்டில் வந்திருந்தால் அன்றைக்கு அந்த எஞ்சின் போயிருக்காது. என் பிள்ளை மேல் போட்ட ஆணை பொய் ஆணை.

வயல் வரப்பிலேயே சொல்லியிருக்கலாம். ஆறு மாதம் சேற்றில் கிடந்தவனுக்கு வேலை திரும்பி வந்து நிற்கிறது, வாய் வரவில்லை. அடுத்த வருடம் சொல்லலாம் என்று நினைத்தேன். வருடம் ஏற ஏற அது கனத்துப்போனது.

நாலைந்து வருடம் கழித்து ஒரு நாள் என் வண்டியில் பக்கத்தில் உட்கார்ந்து ராம்பில் ஏறினார். நான் அடியிலேயே இரண்டில் போட்டேன். பாதி மேட்டில் அவராகப் பேசினார். "அன்னிக்கு எனக்கு மூணுன்னுதான்ப்பா கேட்டுச்சு. அதுலேர்ந்து இந்தக் காத நம்ப முடியல" என்றார். நான் ரோட்டைப் பார்த்து ஓட்டினேன்.

அவர் மாறிப்போயிருந்ததை அதற்குப் பிறகுதான் கவனித்தேன். வண்டிக்கு அடியிலிருந்து கத்துவது நின்றிருந்தது. ஏதாவது சத்தம் வந்தால் எழுந்து போய் மீட்டரைப் பார்ப்பார். அப்படியும் திருப்தியில்லாமல், உனக்கு எப்படிக் கேக்குது என்று பக்கத்தில் இருப்பவனைக் கேட்பார். வயசாகிவிட்டது, காது மந்தமாகிவிட்டது என்று பசங்கள் பேசிக்கொண்டார்கள். நானும் அதற்குத் தலையாட்டினேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என்னையே பிடிக்கவில்லை.

அவரை எடுத்த அன்று சாயங்காலம் விக்கிரமங்கலத்தில் மாலையோடு நின்றபோது, தப்பை ஒத்துக்கொண்ட மனுஷன் என்று ஆளுக்கு ஆள் அந்த எஞ்சின் கதையைத்தான் சொன்னார்கள். சேகர் என்னைக் காட்டியே சொன்னான். அந்த இடத்தில் பேச என்னால் ஆகவில்லை. பதினாறாம் நாள் காரியத்துக்குப் போனபோது, சாப்பாடு முடிந்து டிரைவர்கள் எல்லாம் பந்தலில் உட்கார்ந்திருக்கையில் எழுந்து நின்று சொன்னேன். சேகர் எழுந்து வெளியே போய்விட்டான். இன்றுவரை என்னோடு பேசவில்லை. அதற்காக அவனைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது.

அண்ணன் மகள் செல்வி பந்தி இலைகளை எடுத்துக்கொண்டிருந்தவள் அப்படியே நின்று கேட்டாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. இலைகளைக் கீழே வைத்துவிட்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தாள்.

"காது போச்சு, காது போச்சுன்னு ஒரே பொலம்பலுங்க. மிஷின் வெக்கலாம்னு நான்தான் திருச்சிக்கு இழுத்துட்டுப் போனேன். ரெண்டு டாக்டருங்க பாத்தாங்க. காதுல ஒரு கொறையும் இல்லன்னு எழுதிக் குடுத்தாங்க. அப்பா அதயும் நம்பல" என்றாள்.

அவள் கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு வந்தேன்.

சாமிதுரை அண்ணனிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது, தப்பை நாலு பேர் முன்னால் நின்று சொல்லும் அந்த முறை. அதையும் அவர் சாகும்வரை பொறுத்திருந்துதான் எடுத்துக்கொண்டேன். அவரோடு வேலை பார்த்தவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இனி அவர் கதையைச் சொல்லும்போது, தப்பை ஒத்துக்கொண்டவர் என்பதோடு நிறுத்தாதீர்கள். அன்று வண்டிக்கு அடியில் படுத்திருந்தபடி அவர் சரியாகத்தான் கேட்டார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.